எஸ்தருக்காக வைத்திருந்த கண்

எங்கள் சபையின் மாத இதழுக்கு ஒரு சாட்சி எழுதித் தரும்படி போதகர் இரண்டு முறை கேட்டுவிட்டார். சாட்சி என்றால் நோய் வந்தது, ஜெபித்தோம், நோய் போயிற்று என்று முடிய வேண்டும். எனக்கு நோய் போகவில்லை, கண்தான் போயிற்று. சர்க்கரை அப்படியே இருக்கிறது. அதனால் எழுதக் கூச்சமாக இருந்தது. ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பைத் தேடும் நேரத்தில் யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப் போய்த் தங்கள் கண்ணைப் பற்றிக் கேட்கிறார்கள். எங்கள் பக்கத்து நான்கு வரிசைகளில் பதினொரு பேருக்குச் சர்க்கரை இருப்பது இப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. அந்தப் பதினொரு பேருக்காக எழுதுகிறேன். சாட்சி என்று தலைப்பிட வேண்டாம் என்று போதகரிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து மூன்று தெரு உள்ளே தள்ளி எங்கள் வீடு. நான், மனைவி ரூபி, மகள் எஸ்தர் என்று மூன்று பேர். மூவரில் இருவருக்கு இன்சுலின். எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் முட்டை வைக்கும் குழிகளில் முட்டை இருந்து நான் பார்த்ததில்லை; எனக்கு ஒரு பக்கம், எஸ்தருக்கு ஒரு பக்கம் மருந்துதான் இருக்கும்.

இரண்டுக்கும் ஒரே பெயர் என்றாலும் என் சர்க்கரை வேறு, அவள் சர்க்கரை வேறு. எனக்கு வயதான பிறகு வந்தது. வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் உழைத்து உழைத்துக் களைத்துப்போகும் வகை. எஸ்தருக்கு ஒன்பது வயதில் வந்தது. உடம்பைக் காக்க வேண்டிய காவல் படை, அந்தச் செல்களை அந்நியர் என்று நினைத்து அழித்துவிடும் வகை. எனக்கு ஊசி தவறினால் சர்க்கரை ஏறும்; அவளுக்கு ஊசி தவறினால் உயிருக்கே ஆபத்து. அதைவிட எங்களைப் பயமுறுத்துவது சர்க்கரை இறங்குவது. சாதாரணமாக இறங்கும்போது கை நடுங்கும், வியர்க்கும், பசிக்கும். பல வருடம் ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு உடம்பு அந்த எச்சரிக்கையைத் தர மறந்துவிடுகிறது. எஸ்தர் அந்தச் சிலரில் ஒருத்தி.

அவள் மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறாள். ஒருநாள் காலை கம்பெனி பஸ்ஸில் போகும்போது சன்னலில் தலை சாய்த்தபடி மயங்கிவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் தூங்குகிறாள் என்று நினைத்து, கம்பெனி வாசலில் இறங்கும்போதுதான் உலுக்கியிருக்கிறார்கள். அன்றைக்கு குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கருவியை ஒட்டிக்கொண்டிருக்கிறாள். சர்க்கரை இறங்கினால் அவள் போன் கத்தும். அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே நாங்கள் சாப்பிடுகிறோம், ஜெபிக்கிறோம், தூங்குகிறோம். கல்யாணப் பேச்சு வந்த காலத்தில், ஊசி விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று எஸ்தர் சொன்னாள். சொன்னோம். வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். அவளுக்கு இப்போது முப்பத்தெட்டு.

என் இடது கண்ணுக்கு வருவோம். சர்க்கரை பல வருடம் கட்டுக்குள் இல்லாவிட்டால் கண்ணின் பின்சுவரில் உள்ள விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கெடும். கெட்ட இடத்தில் உடம்பு புதிதாகக் குழாய்களை வளர்க்கும். அவை நல்ல குழாய்கள் அல்ல. சிலந்தி நூல் போல மெலிந்தவை, தும்மினால்கூட உடையும். எனக்கு உடைந்தது. கண்ணுக்குள் ரத்தம் கொட்டி, புகை மூட்டம் போலாகி, லேசர் செய்தும் அறுவை செய்தும் கடைசியில் வெளிச்சம்கூடத் தெரியாமல் போயிற்று. வலது கண்ணில் லேசர் செய்து காப்பாற்றிவிட்டார்கள். பார்வை நன்றாகத் தெரிகிற காலத்திலேயே வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையைக் காட்டிவிடுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான். நன்றாகத் தெரிகிறதே என்று நான் ஐந்து வருடம் போகவில்லை.

இடது கண் போனதும் முதலில் துக்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. தேநீர் ஊற்றும்போது டம்ளருக்கு வெளியே ஊற்றுவேன், கேம்ப் ரோட்டைக் கடக்கும்போது இடது பக்கம் வரும் ஸ்கூட்டர் தெரியாது, அவ்வளவுதான். அந்தச் சமயத்தில்தான் ரூபி எனக்கு நாளிதழின் மருத்துவப் பக்கத்தை வாசித்துக் காட்டினாள். இன்சுலின் சுரக்கும் செல்களைக் கண்ணுக்குள் வைத்து வளர்க்க முயல்கிறார்கள் என்று அதில் இருந்தது.

நான் புரிந்துகொண்ட வரையில் விஷயம் இதுதான். இறந்தவர் ஒருவர் தானம் செய்த கணையத்திலிருந்து அந்தச் செல்களைச் சிறு சிறு திட்டுகளாகப் பிரித்தெடுக்கிறார்கள். கண்ணின் கருவிழிக்கு முன்னால் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. படலத்துக்கும் கருவிழித் திரைக்கும் நடுவே தண்ணீர் நிற்கும் ஒரு சிறு அறை. அந்த அறைக்குள் ஊசி வழியாகத் திட்டுகளை விட்டால் அவை திரையின் மேல் படிந்து, அங்குள்ள ரத்தக் குழாய்களோடு ஒட்டி, இன்சுலின் சுரக்கத் தொடங்கலாம். ஏன் கண் என்றால், உடம்பின் காவல் படை கண்ணுக்குள் கொஞ்சம் அடங்கியே நடந்துகொள்ளும். அந்நியச் செல்களை உடனே அடித்து விரட்டாது. இன்னொன்று, முன்னால் கண்ணாடி இருப்பதால் மருத்துவர் வெளியிலிருந்தே பார்க்கலாம்: திட்டுகள் பிழைத்திருக்கின்றனவா, வாடுகின்றனவா என்று.

ரூபி நாளிதழை மடித்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். எனக்கு அன்று முழுவதும் வேறு சிந்தனை ஓடவில்லை.

எங்கள் பக்கத்தில் மனை வாங்கி வேலி போட்டுவிட்டு, என்றாவது சாலை வரும், பஸ் வரும் என்று இருபது வருடம் காத்திருப்பவர்கள் நிறைய. நான் அலுவலகத்தில் வரைந்த படங்களில் பாதி அப்படிப்பட்ட காலி மனைகள்தான். என் இடது கண்ணும் காலி மனை. அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அதில் முதலில் போட்டுப் பார்க்கட்டும். எனக்குப் பலித்தால் எஸ்தருக்குப் பலிக்கும். பலிக்காவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. இவ்வளவுதான் என் கணக்கு. ரூபியிடம் மட்டும் சொன்னேன். எஸ்தரிடம் சொல்லாதே, வீணாக ஆசை வளர்த்துக்கொள்வாள் என்றேன்.

அடுத்த முறை ஜி.எஸ்.டி. சாலையில் நான் வழக்கமாகப் போகும் கண் மருத்துவமனையில் டாக்டரிடம் கேட்டேன். எஸ்தர் வயதுதான் அந்த டாக்டர் அம்மாவுக்கும் இருக்கும். சிரிக்காமல் பதில் சொன்னார்.

"சார், இங்க அது கிடையாது. வெளிநாட்டுல ரொம்பக் கொஞ்சப் பேருக்கு, பார்வை போன கண்ணுல போட்டுப் பாக்குறாங்கன்னு படிச்சேன். சிகிச்சைன்னு சொல்ற அளவுக்கு இன்னும் வரல. வருமான்னும் தெரியாது."

வந்தால் எப்படிப்பட்ட கண் வேண்டியிருக்கும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அமைதியான கண் வேண்டும் என்றார். அழுத்தம், வீக்கம், வலி, புதுக் குழாய் எதுவும் இருக்கக் கூடாது. நான் அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அமைதியான கண்.

கண்ணோ அமைதியாக இருக்கவில்லை. மழைக்காலம் தொடங்கியபோது இடது புருவத்துக்கு மேல் தலைவலி வந்தது. பிறகு கண்ணுக்குள்ளிருந்தே யாரோ கட்டை விரலால் அழுத்துவது போல வலி. சாப்பிட்டதை வாந்தி எடுத்தேன். முன்பு விழித்திரையில் வளர்ந்த அதே சிலந்தி நூல்கள் இப்போது முன்பக்க அறையிலும் வளர்ந்து, கண்ணீர் போல உள்ளே ஊறும் நீர் வெளியேறும் மூலையை அடைத்துவிட்டனவாம். நீர் ஊறுகிறது, போக வழியில்லை, அழுத்தம் ஏறுகிறது. இருபத்தொன்றுக்குக் கீழே இருக்க வேண்டிய அழுத்தம் எனக்கு ஐம்பத்தாறு. சொட்டு மருந்து நான்கு வகை தந்தார்கள். ஒரு மாத்திரையும் உண்டு. அதைச் சாப்பிட்டால் விரல் நுனிகள் மரத்துப்போகும், சோடா குடித்தால் தகரத்தை நக்குவது போலிருக்கும். நீர் ஊறும் இடத்தை லேசரால் சுட்டார்கள். சில வாரம் நன்றாக இருந்தது. திரும்பவும் வந்தது. இன்னொரு முறை சுட்டார்கள்.

கண் மருத்துவமனையின் காத்திருப்பு அறை மற்ற மருத்துவமனைகளைப் போல இருக்காது. சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடித் தலையைப் பின்னால் சாய்த்து உட்காரச் சொல்வார்கள். முப்பது பேர் ஒரே நேரத்தில் வாயைப் பாதி திறந்து கூரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். யார் முகமும் யாருக்கும் தெரியாது. குரல் மட்டும் கேட்கும். "உங்களுக்கு எத்தனை?" என்று ஒரு குரல். சர்க்கரையைத்தான் கேட்கிறார்கள். ஒருவர் சொல்வார், அடுத்தவர் அதைவிடக் கூடுதலாகச் சொல்வார். நானும் சொல்வேன். அந்த அறையில் எனக்குப் பயம் குறைந்தது உண்மை.

ஒவ்வொரு முறையும் நர்ஸ் ஒரு கேள்வி கேட்பார். வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை? பத்து என்றால் தாங்கவே முடியாதது. முதல் முறையே எனக்கு எட்டு இருந்தது. நான் மூன்று என்று சொன்னேன். அடுத்த முறையும் மூன்று. என் ஏட்டில் வரிசையாக மூன்று விழட்டும், என்றாவது ஒருநாள் அந்தச் சோதனைக்கு ஆள் தேடும்போது இந்தக் கண் அமைதியானது என்று இருக்கட்டும் என்பது என் எண்ணம். நாற்பது வருடம் ஒரு இம்மி பிசகாமல் அளந்தவன் இதை மட்டும் கூசாமல் தப்பாகச் சொன்னேன்.

கண்ணின் முன்பக்கக் கண்ணாடி கொப்புளம் போல வீங்கியபோது வார்டில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு கட்டில் அறை. பக்கத்துக் கட்டிலில் முடிச்சூரைச் சேர்ந்த கதிர்வேலு என்பவர். கிரில் கேட் செய்யும் பட்டறையில் வேலை. இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரைப் பிடிக்கும்போது இரும்புத் துணுக்கு தெறித்து வலது கண்ணில் இறங்கியிருந்தது. துணுக்கை எடுத்துத் தையல் போட்டிருந்தார்கள். எனக்கு இடது கண்ணில் கட்டு, அவருக்கு வலது கண்ணில். "ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆளு கீது நைனா" என்று சேர்ந்த அன்றே சொன்னார். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் கிரைண்டர் பிடிக்க வேண்டும் என்று நான் சொன்னதற்கு, கண்ணாடி முதலாளி வூட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்றார்.

ரூபி காலையில் இட்லியோடு வருவாள். நர்ஸ் சர்க்கரை பார்த்து, ஊசி போட்டு, சரியாக அரை மணி கழித்துத்தான் சாப்பிட விடுவார். அந்த அரை மணி நேரமும் ரூபி டிபன் பாக்ஸைத் திறக்காமல் மடியில் வைத்துச் சூடு போகாமல் பார்த்துக்கொள்வாள். வலியில் எனக்கு இட்லி இறங்காது. அவள் கீழே மருந்து வாங்கப் போகும்போது கதிர்வேலுவிடம் இரண்டைத் தள்ளிவிடுவேன். ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று எஸ்தரின் அப்பாவான எனக்குத் தெரியாதா? தெரியும். பாதி இட்லியைக் கஞ்சி போலக் கரைத்துக் குடித்துச் சமாளித்தேன். செலவைப் பற்றி ரூபி என்னிடம் பேசவே இல்லை. ஓய்வூதியக் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு அவளே மேலும் கீழும் அலைந்தாள்.

எஸ்தர் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து மருத்துவமனை நிறுத்தத்திலேயே இறங்கி வருவாள். ஒருநாள் அவள் என் தலையணையைச் சரி செய்யும்போது போன் கத்தியது. நர்ஸ் ஓடி வந்து என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். நான் எஸ்தரைக் காட்டினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பையிலிருந்து குளுக்கோஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றாள்.

"பேஷன்ட்டு யாரு, பாக்க வந்தவங்க யாருன்னே புரியலையே" என்றார் கதிர்வேலு.

"ஷிஃப்ட் போட்டுக்கிட்டு இருக்கோம் அண்ணா" என்றாள் எஸ்தர்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கணத்தில் என் கண்ணில் வலி எட்டுக்கும் மேலே. இன்னும் எத்தனை மாதம் வேண்டுமானாலும் இதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

சபையிலிருந்து பெண்கள் நான்கு பேர் வந்து கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். இந்தக் கண்ணைத் திறந்தருளும் ஆண்டவரே என்று உருக்கமாக ஜெபித்தார்கள். எனக்குத் தர்மசங்கடமாக இருந்தது. கண் திறக்க வேண்டாம், வாயை மூடிக்கொண்டு அமைதியாக இருந்தால் போதும் என்பதுதான் என் ஜெபம். ஆமென் மட்டும் சேர்ந்து சொன்னேன்.

சேர்ந்த ஐந்தாம் நாள் காலை டாக்டர் வந்தபோது எஸ்தர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். டாக்டர் விளக்கைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்துகொண்டு சொன்னார். முன்பக்கக் கண்ணாடி மெலிந்துகொண்டே வருகிறது. கொப்புளம் உடைந்த இடத்தில் கிருமி தொற்றினால், சர்க்கரை உள்ள உடம்பில் சீழ் பிடிக்க நேரம் ஆகாது. கண்ணின் வெளிப்புற வெள்ளைச் சுவரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, ஒரு உருண்டையை வைத்துத் தைத்துவிடலாம். வலி நின்றுவிடும். ஆனால் வலி குறைவாக இருக்கிறது என்று நான் சொல்வதால் அவசரப்படுத்தத் தயங்குவதாகச் சொன்னார்.

"இன்னிக்கு வலி எவ்வளவு சார்?"

"மூணு" என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் கதிர்வேலு எழுந்து உட்கார்ந்தார்.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. இவரு சொல்றது பொய்யி. நைட்டு பூரா கட்டில் கம்பியைப் புடிச்சிகினு கட்டிலே ஆடுது. இட்லிய எனக்குத் தள்ளி வுட்டுட்டு, அம்மா வந்து கேட்டா ஏப்பம் வேற வுடறாரு. மூணாம், மூணு."

எனக்குக் கோபம் வந்தது. டாக்டர் என்னையும் எஸ்தரையும் பார்த்துவிட்டு, பேசி முடிவு செய்யுங்கள், ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று எழுந்து போனார். கதிர்வேலு சொட்டு மருந்து நேரம் ஆகிவிட்டது போல வெளியே போய்விட்டார்.

எஸ்தர் ரூபியின் பக்கம் திரும்பி, அப்பா எதற்காகப் பொய் சொல்கிறார் என்று கேட்டாள். ரூபி என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"உனக்காகத்தாண்டி" என்றாள் ரூபி. பிறகு நிறுத்தவில்லை. நாளிதழ், செல்கள், அமைதியான கண், காலி மனை எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

எஸ்தர் அழுவாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு நேராக உட்கார்ந்தாள்.

"அந்த வைத்தியம் வருதுன்னே வச்சுக்குவோம்ப்பா. உங்களுக்குப் பார்வை போன கண்ணு ஒண்ணு இருக்கு. எனக்கு எந்தக் கண்ணுல போடுவாங்க?"

இத்தனை மாதம் அந்த அறையின் ஆழம், திட்டுகளின் அளவு என்று என்னென்னவோ யோசித்தவன், இதை யோசிக்கவே இல்லை.

"எனக்கு ரெண்டு கண்ணும் தெரியுது. ஒரு பார்ட்டுல முடி அளவு விரிசல் இருந்தா கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை. அதுலதான் சம்பாதிக்கிறேன். ஒரு கண்ணைக் குடுன்னா குடுப்பேனா, மாட்டேனா? எனக்கே தெரியாது. நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"ஆசை காட்டி ஏமாத்தக் கூடாதுன்னுதான்..."

"மூணுன்னு சொன்னதும் ஏமாத்துறதுதான். நான் அதை நம்பிக்கிட்டு தினம் நிம்மதியா பஸ் ஏறிப் போயிட்டு இருந்தேன்."

எங்கள் துறையில் ஒரு நடைமுறை உண்டு. ஒரு நிலத்தை அளக்கப் போவதற்கு முன்னால் அதன் உரிமையாளருக்கும் பக்கத்து நிலக்காரர்களுக்கும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் அளந்தால், எவ்வளவு துல்லியமாக அளந்திருந்தாலும் அது செல்லாது. அளவுச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். நான் வேலையில் இருந்தவரை ஒரு முறைகூட அதை மீறியதில்லை. என் மகள் விஷயத்தில் அவளுக்குத் தெரியாமலே எல்லைக் கல் நட்டுக்கொண்டிருந்தேன்.

"அது வந்தா உனக்கு நல்லதுதானேம்மா" என்றேன். என் குரல் எனக்கே சிறுபிள்ளைத்தனமாகக் கேட்டது.

"வந்தா நல்லதுதான். அதை நான் பாத்துக்கிறேன். நீங்க இப்ப நம்பரைச் சொல்லுங்க."

"எட்டு. சில நேரம் ஒன்பது."

ரூபி வாயைப் பொத்திக்கொண்டாள். எஸ்தர் எழுந்து போய் டாக்டரைக் கையோடு கூட்டி வந்தாள். அவர் முன்னாலும் நான் அதையே சொன்னேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. உங்கள் கண்ணின் முன் அறை முழுக்கக் குழாயும் தழும்பும் அடைத்திருக்கிறது சார், உலகத்தில் எங்கே அந்தச் சோதனை நடந்தாலும் இந்தக் கண்ணை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அன்றைக்கே நான் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். அவர் தெளிவாகத்தான் சொன்னார். நான்தான் வேண்டியதை மட்டும் காதில் வாங்கினேன்.

ஒப்புதலில் கையெழுத்துப் போட்டேன். ரூபியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

அறுவைக்குப் போகும் காலையில் வெறும் வயிறு. இன்சுலினைக் குறைத்து, நரம்பில் மருந்து ஏற்றினார்கள். எந்தக் கண் என்று ஐந்து பேர் ஐந்து இடத்தில் கேட்டார்கள். இடது புருவத்துக்கு மேல் பேனாவால் அம்புக்குறி போட்டார்கள். மற்றவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கலாம். எனக்கு நிம்மதியாக இருந்தது. எல்லை தெளிவாக இருந்தால் பாதித் தகராறு இல்லை. முழு மயக்கம் தரவில்லை. கண்ணுக்குப் பின்னால் ஊசி போட்டு மரக்கச் செய்து, அரைத் தூக்கத்தில் வைத்திருந்தார்கள். ஊசி போடும்போது ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். அது யார் என்று இதுவரை எனக்குத் தெரியாது. யாரோ ரேடியோ சத்தத்தைக் குறைக்கச் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கட்டிலுக்குத் திரும்பி, மரப்பு விட்ட பிறகு காத்திருந்தேன். வலி வரும் என்று எதிர்பார்த்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தேன். தையல் போட்ட இடத்தில் ஒரு எரிச்சல், அவ்வளவுதான். உள்ளிருந்து அழுத்திக்கொண்டிருந்த கட்டை விரல் இல்லை. மாலையில் ரூபி கொண்டுவந்த இட்லியில் நான்கு சாப்பிட்டேன். கதிர்வேலு தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, இனி தனக்கு வரும்படி இல்லை என்றார். அவர் மேல் இருந்த கோபம் அப்போதே போய்விட்டது. அவருக்குப் பார்வை பாதி திரும்பியதாகப் பின்னால் போனில் சொன்னார். முதலாளி கண்ணாடியை பீரோவிலிருந்து எடுத்துத் தந்துவிட்டாராம்.

சில நாட்கள் இல்லாத கண்ணில் மஞ்சளும் ஊதாவுமாகப் பூச்சிகள் பறந்தன. மூளை பழக்கத்தில் செய்வது, பயப்பட வேண்டாம் என்றார்கள். காயம் ஆறிய பிறகு செயற்கைக் கண் செய்யும் இடத்துக்கு அனுப்பினார்கள். மெழுகில் அச்சு எடுத்து, ஒருவர் என் வலது கண்ணுக்கு எதிரே உட்கார்ந்து, அதைப் பார்த்துப் பார்த்து மெல்லிய தூரிகையால் வரைந்தார். ரத்த நாளங்களுக்குச் சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து ஒட்டினார். நானும் நாற்பது வருடம் கோடு வரைந்தவன். அந்தக் கைக்கு முன்னால் என் கோடெல்லாம் தடிமன். இப்போது ஆராதனையில் புதிதாக வருபவர்களுக்கு எது பொய்க் கண் என்று தெரிவதில்லை.

வலியை மறைப்பவர்கள் எங்கள் பதினொரு பேரில் வேறு யாராவது இருந்தால் அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். யாருக்காக மறைக்கிறீர்களோ அவர்களிடம் முதலில் கேட்டுவிடுங்கள். வலி தெரிந்தால்தான் டாக்டருக்கு வழி தெரியும். கண்ணின் முன்பக்கக் கண்ணாடி உடைந்து சீழ் பிடித்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன் என்று டாக்டரே சொன்னார்.

கடைசியாகக் காட்டப் போனபோது எஸ்தரும் வந்தாள். டாக்டர் செயற்கைக் கண்ணைக் கழற்றிப் பார்த்து, புண் நன்றாக ஆறியிருக்கிறது, வலது கண்ணுக்கு மட்டும் இனிமேல் ஒழுங்காக வர வேண்டும் என்றார். நான் எழுந்துகொண்டேன். எஸ்தர் எழவில்லை.

"டாக்டர், ஒரு சந்தேகம். அந்த செல் வைக்கிறது... நல்லாத் தெரியுற கண்ணுல வச்சா பார்வைக்கு என்ன ஆகும்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தேன்.

"இப்போதைக்கு யாருக்கும் சரியாத் தெரியாதும்மா. ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். அழுத்தம் ஏறலாம், அழற்சி வரலாம். அது தெரியுற வரைக்கும் நல்ல கண்ணைத் தொட யாரும் துணிய மாட்டாங்க."

"தெரிஞ்சதும் சொல்வீங்களா?"

"கண்டிப்பா. அப்பா நம்பர் எங்ககிட்ட இருக்கு."

எஸ்தர் தன் பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"என் நம்பர் எழுதித் தரேன் டாக்டர். என்கிட்டயே சொல்லுங்க."